மூன்றாவது பாட்டில் இருமுகிறவர்

மோட்டார் ஓடினால் டேப்பில் விழும்.
அதனால் லாட்ஜ் தொட்டி நிரம்பி வழிகிற வரை காத்திருந்து
பதினொன்றரைக்கு மேல்தான் தொடங்குவோம்,
காந்தி ரோட்டுப் பின்சந்தில், இரண்டாம் மாடி,
பதினாலாம் நம்பர் அறை.
மேனேஜர் மகன் தேவாசீர்தான் எங்கள் பேஸ் கிட்டார்.
அவன் அப்பாவுக்குச் சொல்லியிருந்தது:
பையன்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

சுவரோரம் ஆறு மெத்தைகளை நிமிர்த்தி வைத்தோம்.
டெட்டால் வாசனைக்குள் நின்று பாடினான் இலியாஸ்.
எனக்குச் சர்ச்சில் இரவல் வாங்கின ஒற்றை சைடு டிரம்,
மேலே துண்டு போர்த்தி.
வேலூர் மே மாதம்.
ஃபேன் போடக் கூடாது, அதுவும் விழும்.
வியர்வை சொட்டிச் சொட்டி
முனிரத்தினத்தின் கீபோர்டில் மேல் ரி நின்றுபோனது.
அதற்குப் பிறகு செய்த பாட்டெல்லாம்
அந்த ரி இல்லாத பாட்டு.

புது காசெட்டுக்குக் காசில்லை.
லாங் பஜாரில் எடைக்கு வந்த பிரசங்க காசெட் ஐம்பது,
ஒன்று மூன்று ரூபாய்.
யாரும் அழிக்கக் கூடாதென்று உடைத்து வைத்திருந்த மூலைகளில்
செல்லோ டேப் ஒட்டி அழித்தோம்.
எங்கள் கடைசிப் பாட்டு ஓய்ந்ததும்
"ஆகையினால் பிரியமானவர்களே" என்று
ஒரு குரல் பாதியில் எழுந்துகொள்ளும்.
அது நன்றாகவே இருந்தது. விட்டுவிட்டோம்.

இருமலை விடுவதா என்றுதான் சண்டை.

மூன்றாவது பாட்டு, இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
எல்லோரும் நிற்கிற இடம்.
நான்கு எண்ணிக்கை வெறுமை.
மூன்றாவது எண்ணிக்கையில்
பதினைந்தாம் நம்பர் அறை இருமுகிறது.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கல்கத்தாவுக்கும் அந்தப் பக்கம்,
லெட்ஜரில் நிதாய் மண்டல்.
டெக் வாடகை மணிக்கு இருபது.
திரும்பப் பாட இலியாஸுக்குத் தொண்டை இல்லை,
எங்களுக்குத் துட்டு இல்லை.
நாங்கள் பிரதி எடுத்து முடிப்பதற்குள்
அவர் அறையைக் காலி செய்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

அட்டை ஜெராக்ஸ்.
கோட்டை அகழியோரம் நால்வரும் நின்ற போட்டோவில்
முகங்கள் கருத்து, தண்ணீர் வெளுத்து
யார் யாரென்று எங்கள் அம்மாக்களுக்கே தெரியவில்லை.
'தண்ணி லாரி' என்று சிவப்பு ஸ்கெட்ச்சில்
ஐம்பது தடவை எழுதினேன்.
முப்பதுக்கு மேல் லாரி சாய்ந்திருக்கும்.

விலை இருபது.
காலேஜ் வாசலில் பதினொன்று போனது,
காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே நாலு.
சைதாப்பேட்டை டீக்கடைக்காரர் மறுநாளே திருப்பினார்:
"இன்னாபா, பாட்ல எவனோ இருமறான், துட்ட குடு."
கொடுத்தோம்.
பாகாயம் ஆட்டோக்காரர் ஒருத்தர் அதையே போட்டு ஓட்டினார்.
அந்த இடம் வந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி
தானும் இருமுவார், பிசகாமல்.

ஆகஸ்டில் நிதாய் மண்டல் மறுபடி வந்தார்.
இந்தத் தடவை கீழ்த்தளம், படி ஏற வேண்டாமென்று.
தேவாசீர் ரிசப்ஷனில் போட்டுக் காட்டினான்.
கேட்டார்.
பாட்டு நின்றது. இருமல்.
டேப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
வைத்தியத்தில் அவர் கற்ற தமிழ் மொத்தம்
ஊசி, சீட்டு, சுடுதண்ணி, எவ்வளவு, வேணாம்.
"எவ்வளவு?"
இருபது.
"வேணாம்."
தன் நெஞ்சைத் தொட்டார், காசெட்டைத் தொட்டார்,
நானும்தானே இதில் என்கிற மாதிரி,
பத்து விரலையும் விரித்தார்.
பத்துக்குத்தான் கொடுத்தோம். இரண்டு வாங்கினார்.

பிறகு மேஜையில் தட்டினார். ஒன்று, இரண்டு,
மூன்றில் லேசாக இருமிக் காட்டி
நான்கு தட்டி
என் பக்கம் கையை நீட்டிக் காத்திருந்தார்.
டேப்பில் நான் அங்கே அரை எண்ணிக்கை தாமதம்.
மே மாதத்திலிருந்து என் காதுக்குத் தெரியும்.
இவன்கள் யாரும் சொல்லவில்லை.

மிச்சம் ஒன்பது காசெட் என் கட்டிலுக்கடியில்.
ஜெராக்ஸ் கடைக்கு இன்னும் நாற்பத்திரண்டு ரூபாய்.