அ, இ

முதலில் விழுந்தது ஐந்து ரூபாய்க் காசு.
பொகவந்தலாவை பஸ், டிக்கோயா வளைவு,
பதினோரு வருஷம் எந்த வளைவிலும்
ஒரு சதம் சிந்தாத விரல்கள்.
குனிந்து எடுத்தார். திரும்பவும் விழுந்தது.
குளிர் என்றார்.
ஆடி மழையில் யாருக்குத்தான் விறைக்காது என்றேன்.

நத்தாருக்குள் அவர் சட்டைப் பொத்தானை
நான் போட்டுவிடத் தொடங்கியிருந்தேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் விஜேகோன்
கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒரு கதவு வரைந்தார்.
நாலு பலகை.
குளுட்டமேட் வந்து தொட்டால் திறக்கும்,
தசையை ஆட்டுகிற நரம்பணுவின் கதவு.
இரண்டு என்று இலக்கமிட்ட பலகை அதில் சேர்ந்தால்தான்
கல்சியம் உள்ளே புகாது.
“நீங்கள் சயன்ஸ் டீச்சர்தானே, கேளுங்கள்.
அந்தப் பலகைக்கான மரபணுவில்
எல்லாருக்கும் ஓர் எழுத்துப் பிழை.
படியெடுத்த தாளில் உயிரணுவே திருத்திக்கொள்ளும்.
அடினோசின் இருந்த இடத்தில் இனோசின்.”

அ போய் இ.
முத்திரை இல்லை, சத்தியக்கடதாசி இல்லை,
நாளைக்கு வா என்ற பேச்சில்லை.

“சிலருக்கு அந்தத் திருத்தம் நின்றுபோகிறது.
கல்சியம் ஏறி ஏறி அணு சாகிறது.
இவருக்கும் அதுதானா என்றால்,”
பேனாவை மூடினார்,
“உயிரோடிருக்கிறவரின் தண்டுவடத்தைத்
திறந்து பார்க்க முடியாது.”

உதவிப்பணத்துக்காக நோர்வூட் பிரதேச செயலகம்.
பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் அவர் இருளப்பன்.
ஞானஸ்நானப் புத்தகத்தில், டிரைவர்மார் வாயில்,
எங்கள் கல்யாணப் பதிவில் அருளப்பன்.
நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்
தோட்டத்துக் கிளாக்கர் எந்தக் காதால் கேட்டாரோ,
அங்கே அ போய் இ.
மாற வேண்டிய தாளில் மாறவில்லை,
மாறக் கூடாத தாளில்
சிரிப்பு வந்தது எனக்கு, வரிசையில் நின்றபடி,
கெட்ட சிரிப்பு.

பாதர் கடிதம், பள்ளிக்கூடச் சான்றிதழ்,
சமாதான நீதவான் கையெழுத்து, எல்லாம் சரி.
“ஒப்பம்?”
பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன்.
யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல்
கூடவே வந்தது விரல்.

“பெயரை ஒருக்கா அவரே சொல்லட்டும்.”

ஹட்டனிலிருந்து கடைசித் தரிப்பு வரை
ஊர்களை மூச்சு விடாமல் கூவிய வாய்
திறந்தது.
நாக்கு தன்பாட்டில் துடித்தது.
வந்த ஒலி அ-வும் இல்லை, இ-யும் இல்லை.

அதிகாரி பேனாவைத் தூக்கியபடி
என்னைப் பார்த்தார்.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை.
அவர் இன்னொரு தடவை மூச்சிழுத்தார்.