ஆண் செடிகளைப் பிடுங்கும் மாதம்

டிரினிட்டி மலையில் ஜூலை வந்தால்
ஆண் செடிகளைப் பிடுங்குவோம்.
கணுவில் மணிமணியாய்ப் பை கட்டினால் ஆண்.
வெள்ளை மயிர் இரண்டு நீட்டினால் பெண்.
லைல் குனிந்து, கண்ணாடியை மூக்கில் தள்ளி,
ஒவ்வொன்றாய்ப் பார்த்து வேரோடு இழுப்பான்.
ஒன்று தப்பினாலும் போதும்,
காற்றில் ஏறிப் பள்ளத்தாக்கு முழுக்க மகரந்தம்.
விதை கட்டிய கஞ்சாவை
ரெட்டிங்கில் எவன் வாங்குவான்?
பதினான்கு வருஷமாய் இதுதான் எங்கள் பிழைப்பு:
காய்க்காமல் பார்த்துக்கொள்வது.

அதே ரெட்டிங்கில், டயர் கடைக்கு மேல்மாடியில்
டாக்டர் ஹால்வர்சன் தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.
மில்லிக்கு ஆறு மில்லியன்.
பதினாறாவது இருக்க வேண்டுமாம்.
இருப்பதிலும் பாதி ஒரே இடத்தில் சுற்றுகிறது,
லைல் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல.
அவன் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

"புகையாலா?"
"இருக்கலாம். மூளை கீழே அனுப்பும் சேதி மங்கலாம்.
எல்லா ஆய்வும் ஒன்றுபோலச் சொல்லவில்லை.
புதிது விளைய எழுபது நாளுக்கு மேலாகும்,
நிறுத்திப் பாருங்கள்."
பிறகு என்னிடம்: "நீங்கள்?"

அந்தக் கேள்வி எனக்கும் உண்டென்று
தோன்றவே இல்லை.
மாதவலிக்கு இரண்டு இழுப்பு. தூக்கத்துக்கு ஒன்று.
சும்மா ஒன்று.

முட்டையை வெளியே விடச் சொல்லும் ஹார்மோன்
உரிய நாளில் எழும்பாமல் போகலாம் என்றார்.
அப்புறம்,
உடம்பே தனக்கென்று காய்ச்சும் கஞ்சா ஒன்றுண்டாம்.
ஆனந்தமைடு.
இந்தியச் சொல், மகிழ்ச்சி என்று பொருள் என்றார்.
எலிகளில் பார்த்தார்களாம்:
கரு வந்து ஒட்டும் இடத்தில் அது வற்ற வேண்டும்.
வற்றாத இடத்தில் கரு தங்குவதில்லை.
திரும்பும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு.
எந்த எலி, எத்தனை எலி,
சந்தோஷத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக்
காத்திருந்த எலி.

குழாயை உறைந்த பட்டாணிக்குப் பின்னால் ஒளித்தான்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
பதினோராம் இரவு வெண்ணெய்க்காகச் சண்டை.
கனவுகள் திரும்பி வந்தன இருவருக்கும்,
அவனுடையதில் பற்கள் உதிர்ந்தன,
என்னுடையதில் மழை, வேறொன்றுமில்லை.

அக்டோபர். இரட்டைக் கையுறையோடு
மொட்டு நறுக்கிக்கொண்டிருந்தேன்.
பிசின் ஏறிய கத்தரியில் நறுக்கென்று ஏதோ தடுத்தது.
விதை.
வரியோடிய, முற்றிய ஒரே விதை.
"எந்த வரிசை?" என்றான், விலை போச்சே என்ற குரலில்.
"கவனிக்கலை" என்றேன்.
அன்று அறுபத்தெட்டாம் நாள்.
கையுறையைக் கழற்றி
அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்,
அவன் பார்க்கத்தான்.