பாலம் தூக்கியிருக்கும் நேரம்

முதல் ஆல்பம் நானூறு தட்டு அடித்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு இன்னமும்
லார்ன் வேலை செய்யும் கடையில்
பனிக்கால டயர்களுக்குப் பின்னால் கிடக்கின்றன.
அதில் பாட்டுக்கும் பாட்டுக்கும் ஒட்டுறவு கிடையாது:
ஒன்று காதல், ஒன்று குடி, ஒன்று சும்மா.
இரண்டாவது அப்படி இருக்காது என்றாள் ஐலி.
ஒரே கதை.
ஊசியை வைத்தவன் எடுக்கக் கூடாது.

கதை இவ்வளவுதான்.
டுலூத் துறைமுகத்துக்குள் இரும்புத்தாதுக் கப்பல் நுழைகிறது.
பாலம் அப்படியே மேலே போகிறது.
இந்தக் கரையில் பதினொரு வண்டிகள்.
வண்டிக்கு ஒரு பாட்டு.
பாலம் இறங்கினால் ஆல்பம் முடிந்தது.

பிரசவ வலியில் ஒருத்தி என்றான் டாக்.
சினிமா என்றாள்.
வங்கியைக் கொள்ளையடித்தவன்?
அவனும் சினிமாதான்.
கடைசியில் பேசிக்கொள்ளாத அண்ணனும் தங்கையும் கிடைத்தார்கள்,
பின்சீட்டில் ஊசி போடக் கொண்டுபோகிற கிழநாய்.
பல் பிடுங்கிய வாயோடு ஐஸ்கிரீம் வாங்கப் போகிறவர்.
மடியில் பீட்சா ஆறிக்கொண்டிருக்க
தன் பங்குக்கு ஒரு துண்டைக் கணக்குப் போடும் பையன்.

லார்ன் ஒரு ஞாயிறு முழுக்கக் கரையில் நின்று
கைக்கடிகாரத்தில் நேரம் பிடித்து வந்தான்.
ஒரு கப்பலுக்கு ஏழு நிமிடம்.
ஏழு நிமிடத்தில் இரண்டு பாட்டு போகும்;
டாக் கிட்டாரோடு உள்ளே இறங்கிவிட்டால் ஒன்று.
ஐலி நகத்தைக் கடித்தாள்.
பிறகு மூடுபனியைக் கூட்டி வந்தாள்,
முதல் கப்பலின் வாலில் இன்னொரு கப்பல்,
அதன் பின்னால் வழி தெரியாத ஒரு பாய்மரப் படகு.
இது பொய் இல்லையா என்றேன்.
நவம்பர் என்றாள்.

கப்பல் ஊதும். பாலம் பதில் ஊதும்.
நெடில், குறில், நெடில், குறில்.
லார்னின் கால் அதைப் பிடித்துக்கொண்டது;
மற்றதெல்லாம் அதன் மேல்தான் எழும்பியது.
ஊதலின் சுருதியோ எந்தக் கட்டையிலும் உட்காராது,
இரண்டு கட்டைக்கு நடுவே
காலை நீட்டிப் படுத்திருக்கும்.
கிட்டாரை இறக்கினோம். என் பேஸை இறக்கினோம்.
கீபோர்டு மட்டும் பிடிவாதம் பிடித்தது.
அதை விற்றோம்.
அந்தப் பணத்தில் நான்கு மணி நேர ஒலிப்பதிவு.

ஒன்பதாவது வண்டி மட்டும் காலியாகவே நின்றது.
ஐலி பதினேழு பேரை ஏற்றிப் பார்த்தாள்,
பதினேழு பேரையும் இறக்கிவிட்டாள்.
அங்கே கிட்டாரை மட்டும் விடலாமே என்று
டாக் மெல்லச் சொன்னான்.
காது கேட்காதவர்கள் போலக் கம்பிகளைத் துடைத்தோம்.

சனிக்கிழமை, பத்து மணிக்கு ஒலிப்பதிவு.
மணல்திட்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம்,
ஒரு படகுக் கொட்டகை.
ஒன்பது ஐம்பதுக்கு மணி அடித்தது,
கட்டை விழுந்தது,
பாலம் மேலே போனது.
மணிக்கு அறுபது டாலர் ஓடிக்கொண்டிருக்க
வேனில் நாலு பேர்,
என் மடியில் சிம்பல்கள்,
யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

கிடைத்துவிட்டதே, நாம்தான் ஒன்பதாவது என்றான் டாக்.
நம்மை நாமே பாடுவது
கண்ணாடி பார்த்து மூக்கு நோண்டுவது என்றாள் ஐலி.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வண்டியை.
சாம்பல் கோட்டு, ஐம்பது வயது இருக்கும், ஒரு பெண்.
இன்ஜினை அணைத்தாள்.
ஊதல் வரப்போகிறது என்று தெரிந்தவள் போல
கண்ணாடியை இறக்கினாள்.
குளிர் உள்ளே போனது, ஊதல் உள்ளே போனது.
ஏற்றிக்கொண்டாள்.

ஐலி பெட்ரோல் ரசீதின் பின்னால்
நாலு வரி எழுதினாள்.
அவ்வளவுதானா என்றான் டாக்.
நாற்பது வினாடி.
டிரம் வேண்டாம். நீயும் வேண்டாம்.
பேஸ் மட்டும், அதுவும் ஒரே கம்பி.
எந்தக் கம்பி என்று நான் கேட்கிறேன்,
லார்ன் தான் வேண்டாதவனானதைச் செரித்துக்கொண்டிருக்கிறான்,
பின்னாலிருந்து ஒரு லாரி
குறில், குறில், குறில்.
பாலம் எப்போதோ இறங்கியிருந்தது.