வியாழக்கிழமைச் சொற்கள்

கோயில் மண்டபத்தில் எட்டு மடக்கு நாற்காலிகள்,
ஏழு பேர்.
பூபாலன் வரவில்லை.
வலது கை வீங்கியிருக்கிறதாம்.

சாட்ஸ்வொர்த்தில் ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்விடும்,
அதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும்.
தைமாதப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு
ஆறு வாரம் முன்பே வைத்தாயிற்று:
கடுந்தண்டனை ஊரைக் காக்குமா?
செவ்வாய் இரவு நடந்ததற்கும் இதற்கும்
சம்பந்தமில்லை என்று
சொல்லிவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தேன்.

தண்டனை.
தண்டம் என்ற கோலிலிருந்து வந்தது.
தண்டம் என்றால் அபராதம்.
வீண் என்றும் பொருள்.
"எல்லாம் ஒரே சொல்லா?" என்றார் தவனேசன் நாயக்கர்.
பஸ் டிப்போவில் முப்பது வருடம் கணக்கெழுதியவர்,
மூன்றையும் ஒரே வரியில் எழுதி
கீழே கோடு போட்டுக்கொண்டார்.

உரிமை.
உனக்கு உரியது எதுவோ அது.
"உரின்னா தோலை எடுக்கறதில்லையா மிஸ்?
அம்மா வெங்காயம் உரின்னு சொல்வாங்களே"
என்றாள் குபேஷ்னி.
அதுவும் உரிதான்.
மை இருக்கும்வரை உரிமை,
மை தீர்ந்துவிட்டால் உரி.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
சட்டையில்லாமல் அவன் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்,
நிறுத்திக்கொண்டார்கள்.

பொதுநலம்.
நலம் எல்லோருக்கும் தெரியும்.
பொதுவில் யார் அடக்கம் என்பதில்தான் தகராறு.
கோகிலம் மூட்லி கையைத் தூக்காமலே பேசினார்:
"அவன் அறுத்த செம்புக் கம்பிக்கு
ஸ்கிராப்காரன் குடுத்தது நூத்தி இருபது ராண்ட்.
எங்க தெருவுல பதினொரு நாள் இருட்டு.
ஐஸ்பெட்டியில இருந்த இன்சுலின் வீணாப்போய்
எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில.
அவருக்கு இல்லையா அந்த ரெண்டாவது சொல்லு?"

அவர் சொன்னது தப்பு என்று எழுத
எனக்கு இன்னும் ஒரு வாக்கியம் அமையவில்லை.
அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி கீழே,
அந்தப் பையன் தாடையில் கம்பி வைத்துக் கிடக்கிறான்.
ப்ரிவன். பத்தொன்பது வயது.
சுகர்ஸ் புகைக்கிறவன், எல்லோருக்கும் தெரியும்.

ஒறு. பொறு.
ஒறு என்றால் தண்டி.
பொறு என்றால் மன்னி, தாங்கு, கொஞ்சம் இரு.
சொல்லிப் பாருங்கள் என்றேன்.
உதடு ஒருமுறை மூடித் திறந்தால் போதும்,
அது இதுவாகிவிடும்.
ஏழு பேரும் சொல்லிப் பார்த்தார்கள்.
செவ்வாய் இரவு எங்கள் தெருவில்
ஒரு வாய் மூடவில்லை.

முறை.
நீதிக்கும் அதுதான் பெயர்.
வரிசையில் உன் முறை, என் முறை.
உறவில் மாமன் முறை, மருமகன் முறை.
"அடிச்சதும் முறை வச்சுத்தான்"
என்றார் தவனேசன், நோட்டைப் பார்த்தபடி.
"பூபாலனுக்கு அந்தப் பையன்
சொந்த அக்கா மகன்.
மத்தவங்க சந்தேகப்படக் கூடாதுன்னு
அவர்தான் முதல்ல."

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

குபேஷ்னிக்கு இன்னொரு சொல் வேண்டியிருந்தது:
"அடிக்காம சும்மா நின்னவங்களை
தமிழ்ல எப்படிச் சொல்றது?"
வேடிக்கை பார்த்தவர்கள்.
"வேடிக்கைன்னா?"
தமாஷ்.
அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஒன்பதாவதற்கு மூன்று நிமிடம் முன்பே
மின்சாரம் போனது.
ஆளுக்கொரு போன் வெளிச்சத்தில்
செருப்பைத் தேடினார்கள்.
நான் என்னுடையதைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அன்றும் இப்படித்தான் இருட்டு.
கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ,
"மிஸ், மூஞ்சி தெரியல, கொஞ்சம் காட்டுங்க" என்றார்கள்.
பழக்கப்பட்ட குரல், மரியாதையான குரல்.
கையை உயர்த்தினேன்.
அவன் கண்ணைச் சுருக்கி
நேராக என்னைப் பார்த்தான்.
அடுத்த அடி குறி தப்பவில்லை.

பலகையில் எழுத ஒரு சொல் பாக்கி.
விளக்கு.
பெயர்ச்சொல்லானால் வெளிச்சம் தருவது,
வினைச்சொல்லானால் எடுத்துச் சொல்வது.
வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக:

விளக்கத் தெரிந்தவள்
விளக்குப் பிடித்தாள்.