வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா

காளவாசலில்
சிக்னல் போடாமல் இடப்பக்கம் ஒடித்த வெள்ளைக் கார்
கண்ணாடியை இறக்கிக் கேட்டது:
"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

ஒரு காலை மணலில் ஊன்றி
சாய்ந்த ஸ்கூட்டரைத் தொடையால் தாங்கிக்கொண்டிருந்தேன்.
வாய் திறக்கும்முன் கண்ணாடி ஏறிவிட்டது.
பின்னால் ஒட்டியிருந்தார்கள்:
உள்ளே குழந்தை இருக்கிறது, இடைவெளி விடவும்.

சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.
மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைக்கச் சொன்னேன்.
கேபிள்காரர் வந்தால்
அம்மா திங்கட்கிழமை தருவாங்க என்று சொல்லச் சொன்னேன்.
செருப்பு மாட்டும்போது
நாலு கோடு நோட்டு ஒன்று வேண்டும் என்றாள் சின்னவள்.
சரி என்றேன்.
இதைத்தான் கேட்கிறாயா?

என் வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி.
உள்ளே இருபத்து மூன்று குழாய் ரத்தம்.
பாண்டியம்மாள், அறுபத்தொன்று, வெறும் வயிற்றில்.
சிக்கந்தர், நாற்பத்து நான்கு, சர்க்கரை.
ரோஸ்லின், தைராய்டு.
குலுங்கினால் ரத்தம் உடையும் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள்.
மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீர்
ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடுமாம்.
ஆகவே பள்ளங்களை மனப்பாடம் செய்தேன்.
கோச்சடையில் ஏழு.
பைபாஸில், மழைக்கு மழை இடம் மாறும் ஒன்று.
கார்களை மனப்பாடம் செய்ய முடியவில்லை.

பொய் சொல்வானேன், அவனைத் துரத்தினேன்.
இருபத்து மூன்று பேரையும் பின்னால் வைத்துக்கொண்டு
அரசரடி வரைக்கும் துரத்தினேன்.
எங்கள் தெருக் குழாயடியில்கூடக் கேட்காத வார்த்தைகள்
ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி
கண்ணாடியில் ஆவியாகப் படிந்தன.
கார் ஆரப்பாளையம் பக்கம் வளைந்து போய்விட்டது.
கோபம் வளையத் தெரியாமல்
என்னோடு நேராக வந்தது.

சிம்மக்கல்லில்
முட்டை அட்டைகளைக் கழுத்துயரம் கட்டிய எக்ஸெல் ஒன்று
சந்திலிருந்து வழுக்கி வந்து
என் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.
இடிக்கவில்லை.
"டேய், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"
குரல் என்னுடையதுதான்.

பையனுக்கு இருபது இருக்கும்.
திரும்பவில்லை. சிவப்பு எண்களைப் பார்த்தபடி சொன்னான்:
"இல்லக்கா. ரெண்டு நாளா வீட்ல பேசுறதில்ல."

பதினேழு. பதினாறு.
இதற்கு மறுவார்த்தை
எந்த சிக்னலிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
பதினொன்று.
"கயிறு தளர்ந்திருக்கு," என்றேன். "இடப்பக்கம்."
கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். எட்டவில்லை.
நானே எட்டி இழுத்து முடிச்சுப் போட்டேன்.
பச்சை விழுந்தும் முடிச்சு விழவில்லை.
பின்னால் அத்தனை ஹாரனும் கத்தட்டும்,
போட்டுவிட்டுத்தான் விட்டேன்.

ஏ.வி. பாலத்தில் அவன் முன்னால், நான் பின்னால்.
முட்டைக்குப் பின்னால் ரத்தம்.
இருபத்தைந்தைத் தாண்டவில்லை இருவரும்.
கீழே வைகையில் ஆகாயத்தாமரை, அதில் கழுத்தளவு எருமை ஒன்று,
அதற்கும் அவசரமில்லை.
எங்களைக் கடந்த வண்டியெல்லாம்
தலையைத் திருப்பி ஏதோ கேட்டுவிட்டுப் போனது.
காற்றில் சரியாக விழவில்லை.
என்ன கேட்டிருக்கும் என்று தெரியும்.

கோரிப்பாளையத்தில் அவன் செல்லூர்ப் பக்கம் திரும்பவேண்டும்.
இண்டிகேட்டர் எரியாத வண்டி.
இடது கையை முழுசாக நீட்டி
நான் பார்த்துவிட்டேன் என்று தெரியும்வரை நீட்டியே வைத்திருந்து
திரும்பினான்.

லேபில் ஷாஜகான் குழாய்களைச் சுற்றவிட்டு எடுத்து
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
"ரெண்டு உடைஞ்சிருக்கே. என்னாச்சு?"
காளவாசலில் அவன் உடைத்ததா,
அரசரடி வரை நான் உடைத்ததா,
குழாயைப் பார்த்தால் தெரியாது.
"ரோடு," என்றேன்.

ரோஸ்லினுக்குப் போன் போட்டேன்.
நாளைக்கு மறுபடி ஊசி குத்தவேண்டும் என்று சொல்லவேண்டும்,
மன்னிப்பும் கேட்கவேண்டும்.
எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே ஹாரன், பஸ் உறுமல், காற்று.
"வண்டியிலதான் போய்ட்டிருக்கேன், பரவால்ல, சொல்லுங்க."
"மொதல்ல ஓரமா நிறுத்துங்க," என்றேன்.