ஆறாம் தொட்டி

கணக்கெடுக்க வந்த பெண் நிமிராமலே கேட்டாள்:
உரிமையாளர் வகை?
தனியாள், கம்பெனி, குத்தகை, கூட்டு.
ஒன்றில் மட்டும் டிக்.

பர்காவில் ஜூலை. நிழலிலேயே நாற்பத்தாறு.
பேரீச்சை மரத்தடியில் அவள் டேப்லெட்
சூடு தாங்காமல் இரண்டு முறை அணைந்தது.

ஐந்து தொட்டி ஹமூத் அர்பாபுடையது.
மஸ்கட்டில் உத்தியோகம். வெள்ளிக்கிழமை வருவார்,
வண்டியை அணைக்காமல் மீனைப் பார்ப்பார், போவார்.
ஆறாவது விரிசல் விட்டுக் கிடந்தது.
ஒட்ட முடிந்தால் ஒட்டுங்கள், பாதி உங்களுக்கு என்றார்.
கொளஞ்சியும் ஷொஹிதுலும் நானும்
நோன்பு மாதத்து ராத்திரிகளில்
சிமெண்டு குழைத்துப் பூசினோம்.

அதில்தான் திலாப்பியா அறுநூறு கிராம்.
மற்றதில் நானூறைத் தாண்டுவதில்லை.

அதே குஞ்சு, அதே தண்ணீர், ஏன் என்றாள்.

ஏரேட்டர் நின்றால்
ஆறாம் தொட்டியின் மௌனமே என்னை எழுப்பிவிடும்,
மற்ற ஐந்துக்கும் அலாரம் வைத்திருக்கிறோம் என்றேன்.
சிரித்தபடி எழுதிக்கொண்டாள்.

சொல்லாதது ஒன்று உண்டு.
தொட்டிக்கு ஒரு கைத் தீவனம்
இருட்டியதும் ஆறாவதற்கு நடந்து போகும்.
கொளஞ்சி அதை ஓவர்டைம் என்பான்.
ஷொஹிதுல் அந்த நேரம் பார்த்துத்
தொழப் போய்விடுவான்.

எந்தக் கட்டத்திலும் அடங்காமல்
'இதர' என்று போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மாலையில் அடித்தண்ணீரைத் திறந்தேன்.
ஆறு தொட்டிக் கழிவும் ஒரே வாய்க்காலில் கலந்து
அர்பாபின் பேரீச்சைக்குப் பாய்ந்தது.
இந்த வருஷம் குலைகள் கனம்.

அதில் பாதி என்று
இதுவரை யாரும் பேசவில்லை.