தணிக்கைக் குறிப்பு ஏழுக்குப் பதில்

ஐயா,
பூவரசங்குளம் வடகரையில் கல் பதிக்கவில்லை, உண்மைதான்.
நாற்பது மீட்டரும் மண்ணாகவே கிடக்கிறது.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிய அன்று
ஜபருல்லா இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார்.
கரைச்சரிவில் கை நுழையுமளவு ஒரு வளை,
உள்ளிருந்து மீன்முள் நாற்றம்.
மீன்கொத்தி கல்லில் குடியிருக்காது.

நொச்சிப் போத்து கேட்டதும் கொடுத்தார்கள், காசில்லை.
வெட்டிவேர் கோரையாற்றுப் படுகையிலிருந்து
சைக்கிளில் வந்தது, ரசீதில்லை.
நீர்மருதுக்கு மட்டும் இணைப்பு மூன்றைப் பார்க்கவும்:
இருபது கன்று. பிழைத்தது பதினொன்று.
ஆடு கடித்த ஐந்துக்கு நான் பொறுப்பு,
என் ஆடுதான்.

நாணலை நாங்கள் நடவே இல்லை.
ஆடியில் முறைத்தண்ணீர் ஏறியபோது
தானாக வந்து
எந்தத் தலைப்பிலும் சேராமல் நிற்கிறது.

தென்கரைப் படித்துறை வழுக்குகிறதென்ற புகார் நியாயம்.
அங்கே கல் போடுங்கள்.

மீதத்தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.
மறுஆய்வுக்கு வருவதானால்
விடியுமுன் வாருங்கள்,
ஜீப்பை மதகடியிலேயே நிறுத்திவிட்டு.
தாழைக்கோழி குஞ்சு இறக்கியிருக்கிறது.
எண்ணிக்கை இன்னும் உறுதியாகவில்லை.

இப்படிக்கு,
அ. குணபூஷணி,
நான்காம் வார்டு.